கடன் தீர்ந்ததா?

உயர்தர வகுப்பு மாணவருக்குப் பல ஆண்டுகளாகப் பொருளியல் படிப்பித்து வருகிறேன். பேரினப் பொருளியல் என்ற பகுதிக்கு வந்ததும் பிள்ளைகள் சோர்ந்து விடுவார்கள். ஒரு கடைக்காரன் எப்படி விலை வைக்கிறான் என்று சொன்னால் ஆவலோடு கேட்பவர்கள், பண நிரம்பல், பணவீக்கம், மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று தொடங்கியவுடன் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். "சேர், இதெல்லாம் கொழும்பிலை இருக்கிற பெரிய ஆக்களின்ரை விசயம். எங்களுக்கு என்னத்துக்கு?" என்று ஒரு மாணவி கேட்டதும் உண்டு. அந்தக் கேள்விக்கு நான் வகுப்பறையில் சொன்ன பதிலை விட நல்ல பதில் ஒன்று, 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் மாலை என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

வந்தவன் என்னிடம் முன்பு படித்தவன். கடற்றொழில் செய்கிறான். வந்து அமர்ந்தவன் சிறிது நேரம் பேசாதிருந்து விட்டுச் சொன்னான்: "சேர், மாமியின்ரை காசை முழுசாக் குடுத்திட்டன். ஒரு சதம் குறைக்கேல்லை. ஆனா மனம் ஒப்புதில்லை."

விடயம் இதுதான். அவனுடைய தகப்பனாரின் சகோதரி ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியே வாழ்பவர். வீட்டுக் கூரையைப் பிரித்து ஓடு மாற்றுவதற்கென 5 இலட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். 2020ஆம் ஆண்டு நத்தாருக்குச் சற்று முன்னர், படகுக்கு எஞ்சினும் வலையும் வாங்க இவன் பணத்துக்கு அலைந்து திரிவதைக் கண்டு, "தம்பியின்ரை பிள்ளைதானே, கூரை இன்னும் இரண்டு மாரி தாங்கும்" என்று சொல்லி அந்த 5 இலட்சத்தையும் வட்டியில்லாமல் எடுத்துக் கொடுத்தார். இவனும் நாணயமானவன். சொன்ன தவணையில், 2022ஆம் ஆண்டு நத்தாருக்கு முன்னர், 5 இலட்சத்தையும் எண்ணிக் கொடுத்து விட்டான். மாமி வாங்கிக் கொண்டார். குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மேசன் வந்து கணக்குப் பார்த்தபோது, அந்தக் காசில் கூரையின் ஒரு பகுதியைக் கூடச் சரியாகச் செய்து முடிக்க இயலாது என்று தெரிந்தது.

"நான் மாமியை ஏமாத்தினனானா, சேர்?"

வாசகர்களே, இந்தக் கேள்வியை நாம் இலேசாகத் தட்டிவிட முடியாது. எமது குடும்பங்களில் இப்படிக் கைமாறிய பணம் எவ்வளவோ. சீதனக் காசு, காணி விற்ற காசு, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசு என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் மச்சானுக்கும் கொடுத்து வாங்கியவர்கள் நாம். அந்த இரண்டு ஆண்டுகளில் கொடுத்தவர்கள் எல்லோரும் இழந்தார்கள். எடுத்தவன் யார் என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

அளவுகோல் சுருங்கினால்

பணத்துக்கு மூன்று வேலைகள் உண்டு என்று பாடப்புத்தகம் சொல்லும். பொருளை மாற்றிக் கொள்ள அது ஊடகம். பெறுமதியை அளக்க அது அளவுகோல். இன்றைய உழைப்பை நாளைக்கு வைத்திருக்க அது பெட்டகம். புடைவைக் கடையில் முழக்கோல் ஒவ்வொரு மாதமும் இரண்டு விரற்கடை சுருங்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்து முழம் கடன் வாங்கியவன் பத்து முழமே திருப்பிக் கொடுப்பான். எண்ணிக்கையில் பிழையில்லை. ஆனால் துணி குறைந்திருக்கும். பணவீக்கம் என்பது இதுவே. பொருட்கள் வளர்வதில்லை, அளவுகோல் சுருங்குகிறது.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2020 டிசெம்பருக்கும் 2021 டிசெம்பருக்கும் இடையில் விலைகள் 12.1 வீதம் உயர்ந்தன. அடுத்த ஆண்டில் 57.2 வீதம் உயர்ந்தன. இவ்விரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். ஏனெனில் இரண்டாம் ஆண்டின் உயர்வு, ஏற்கெனவே உயர்ந்து நின்ற விலையின் மேல் வந்தது. 2020இல் 100 ரூபாய்க்கு வாங்கியதை 2021இல் 112 ரூபாய்க்கும், 2022இல் ஏறக்குறைய 176 ரூபாய்க்கும் வாங்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கின்படி மாமியின் கைக்குத் திரும்பி வந்த 5 இலட்சம், அவர் கொடுத்த நாளின் பெறுமதியில் 2 இலட்சத்து 84 ஆயிரம் மட்டுமே. அவர் கொடுத்ததை அதே பெறுமதியில் திருப்ப வேண்டுமானால் மருமகன் 8 இலட்சத்து 80 ஆயிரத்துக்குச் சற்று மேல் கொடுத்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பொதுவான மயக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். 2022 செப்டெம்பரில் 69.8 வீதமாக இருந்த பணவீக்கம் 2023 செப்டெம்பரில் 1.3 வீதமாக இறங்கியது. அதைக் கேட்டுப் பலர், "அப்படியானால் சாமான் விலை ஏன் பழைய நிலைக்கு வரவில்லை?" என்று கோபித்தனர். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே பொருள். மாடிப்படி ஏறியவன் நின்று விட்டான்; கீழே இறங்கி வரவில்லை. ஆகவே மாமியின் இழப்புத் தானாக ஆறிப்போகும் காயமல்ல.

எடுத்தவர் யார்?

மருமகன் எடுத்தானா? அவன் பக்கத்தையும் பார்ப்போம். 2020 முடிவில் ஒரு டொலர் ஏறக்குறைய 186 ரூபாய். 2022 முடிவில் 363 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வரும் எஞ்சின் விலையும் அதற்கேற்பவே ஏறியது. ஆகவே பழைய விலைக்கு எஞ்சின் வாங்கி வைத்தவன், சிறுத்துப் போன ரூபாயில் கடனைத் தீர்த்தவன், ஒரு வகையில் இலாபம் அடைந்தவனே. ஆனால் அதே எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரேயடியாக லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. எண்ணெய் கிடையாமல் படகு கரையிலே கிடந்த நாட்களும் உண்டு. அவன் வீட்டு அடுப்பிலும் அரிசி விலைதான் வெந்தது. மாமி இழந்ததெல்லாம் அப்படியே மருமகனின் பெட்டிக்குள் போய்விடவில்லை.

அப்படியானால் மிச்சம் எங்கே போயிற்று? இதைத்தான் பேரினப் பொருளியல் கேட்கிறது. ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்த்து விடை காண முடியாத கேள்விக்கு, நாடு முழுவதையும் ஒரே கணக்காக வைத்து அது விடை தேடுகிறது.

ஓர் அரசுக்குச் செலவு செய்ய வழிகள் சிலவே. வரி வாங்கலாம், மக்களிடமோ பிறநாட்டாரிடமோ கடன் வாங்கலாம். அவை போதாதபோது மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கிக் கொண்டு புதிய பணத்தை அரசுக்கு வழங்கலாம். இதனையே நாம் காசு அச்சடித்தல் என்கிறோம். 2019ஆம் ஆண்டின் இறுதியில் எமது நாட்டில் வரிகள் பெருமளவு வெட்டப்பட்டன. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து கொவிட் நோய் வந்தது. உல்லாசப் பயணத் துறை படுத்தது. 2021இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 9 வீதத்துக்கும் கீழே இறங்கிற்று. வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கும் வாசலும் மூடிற்று. செலவோ நிற்கவில்லை. இடைவெளியை மத்திய வங்கியின் புதிய பணம் நிரப்பியது.

பணம் பெருகியது, நெல்லும் மீனும் மருந்தும் பெருகவில்லை. மாறாக, 2021இல் இரசாயனப் பசளைக்கு விதிக்கப்பட்ட தடையால் விளைச்சல் குறைந்தது; டொலர் இல்லாமையால் இறக்குமதி நின்றது; உலகச் சந்தையில் எரிபொருள் விலையும் ஏறியது. காசு அச்சடித்தது ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனால் அதைக் கணக்கிலிருந்து நீக்கினாலும் அது உண்மையாகாது. குறைந்த பொருளைக் கூடிய பணம் துரத்தும்போது, யாருடைய ரூபாய் பழையதோ அவருடைய ரூபாய் மெலிகிறது. மாமியின் ஓய்வூதியத்திலும் சேமிப்பிலும் அரசு கை வைக்கவில்லை. ஆயினும் அவற்றின் பலத்தில் ஒரு பங்கு அரசின் செலவுக்குப் போயிற்று. பாராளுமன்றத்தில் மசோதா இல்லை; பற்றுச்சீட்டு இல்லை. வசதியுள்ளவன் காணியும் நகையும் டொலருமாக மாற்றித் தப்பினான். நாட்கூலிக்காரனும் ஓய்வூதியரும் தப்ப வழியில்லாமல் அந்த வரியைக் கட்டினர்.

ஓர் ஆயரின் பழைய நூல்

இது புதிய கேள்வியன்று. 14ஆம் நூற்றாண்டில் பிரான்சிய மன்னர்கள் போர்ச் செலவுக்காக நாணயத்திலுள்ள வெள்ளியைக் குறைத்து, பெயரை மட்டும் மாற்றாமல் வெளியிட்டு வந்தனர். பின்னாளில் லிசியூ மறைமாவட்டத்தின் ஆயரான நிக்கோலா ஓறேம் என்ற அறிஞர் அதனை எதிர்த்துப் பணத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நாணயத்தில் அரசனின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தாலும் அது அரசனின் சொத்தல்ல. அதை உழைத்து வைத்திருக்கும் சமூகத்தின் சொத்து என்பது அவருடைய வாதம். வட்டிக்காரனிடம் போகிறவனாவது தானாக விரும்பிப் போகிறான். நாணயத்தைக் குறைக்கும் அரசனோ கேளாமலே எடுக்கிறான், ஆகவே இது வட்டியிலும் கொடியது என்றும் அவர் கண்டார். பெரும் ஆபத்து வேளையில் சமூகமே இணங்கி அதைச் செய்யலாம் என்பதற்கும் அவர் இடம் வைத்தார். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பிழையின் வேர் உலோகத்தின் நிறையில் இல்லை. கேளாமல் எடுத்ததில் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் புதிய பணம் என்றுமே பாவமா? அப்படி முடிவு கட்டுவோர் 1930களை மறந்தவர்கள். 1929க்கும் 1933க்கும் இடையில் அமெரிக்காவில் விலைகள் ஏறக்குறைய நாலிலொரு பங்கு வீழ்ந்தன. வேலை செய்யக் கூடியவர்களில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றார். ஒவ்வொரு குடும்பமும் பயந்து செலவைச் சுருக்கியது. ஒருவரின் செலவே மற்றவரின் வருமானம் ஆகையால் எல்லோருடைய வருமானமும் சுருங்கியது. ஒரு வீட்டுக்கு அறமாகிய சிக்கனம், எல்லா வீடும் ஒரே நேரத்தில் கைக்கொண்டபோது நாட்டுக்குக் கேடாயிற்று. கெயின்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1936இல் வெளியிட்ட தமது நூலில் இதையே விளக்கினார். அத்தகைய வேளையில், சும்மா கிடக்கும் கைகளுக்கும் இயந்திரங்களுக்கும் வேலை கொடுக்கப் பணத்தைப் பெருக்குவது களவாகாது. பெருக்காமல் விடுவதே பிழையாகலாம்.

அந்த ஆண்டுகளில் கடன்பட்ட கமக்காரனின் நிலையை எண்ணிப் பாருங்கள். கோதுமை நல்ல விலை போன காலத்தில் கடன் வாங்கினான். விலை வீழ்ந்த பின் அதே தொகையைத் திருப்ப முன்னையிலும் எவ்வளவோ கூடிய மூடை விற்க வேண்டியதாயிற்று. அங்கே அளவுகோல் நீண்டு விட்டது. கடன் கொடுத்தவன் கேளாமலே இலாபம் அடைந்தான், கடன்பட்டவன் நிலத்தை இழந்தான்.

ஆகவே நீதி கடன் கொடுத்தவன் பக்கமே நிற்கும் என்றோ வாங்கியவன் பக்கமே நிற்கும் என்றோ சொல்ல முடியாது. எமக்குச் சாதகமாக அளவுகோல் மாறும்போதும் நாம் அதே நியாயத்தைச் சொல்லுவோமா என்பதே உரைகல். விலைகள் வீழ்ந்திருந்தால், "மாமி, உங்கள் காசு இப்ப கூடப் பெறுமதி, குறைத்து வாங்குங்கோ" என்று கேட்க இவனுக்கு நியாயம் இருந்திருக்கும். அப்படியானால் விலை ஏறிய வேளையில் மாமிக்கும் அந்த நியாயம் உண்டு.

சட்டம் ஒருநாள் கண் திறந்தது

சட்டம் பொதுவாக இதை நோக்காது. ரூபாயில் பட்ட கடன் ரூபாயில் தீரும், அவ்வளவே. ஆனால் சட்டமும் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. முதலாம் உலகப் போருக்கு முன் ஜேர்மனியில் ஒரு டொலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் அது 4.2 இலட்சம் கோடி மார்க். வீட்டை ஈடு வைத்துப் பெற்ற கடனை ஒரு முத்திரைக் காசுக்கும் பெறாத தாள்களால் அடைத்து விட்டுப் போயினர் கடன்பட்டோர். 1923 நவம்பர் 28இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம், மார்க்குக்கு மார்க் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது, நல்லெண்ணமும் நேர்மையும் கடனுக்குள் அடங்கும் என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. 1925இல் வந்த சட்டம், ஈட்டுக் கடன்களைப் பொதுவாக அவற்றின் பழைய பெறுமதியில் 25 வீதத்துக்கு மீள மதிப்பிட்டது. முழுவதையும் கொடுக்கச் சொல்லவில்லை. ஒன்றும் வேண்டாம் என்றும் விடவில்லை. ஆனால் அரசு, தான் மக்களிடம் பட்ட கடனுக்கு அதைவிடக் குறைவாகவே கொடுத்தது. மற்றவர்களுக்கு வைத்த நீதியைத் தனக்கு வைக்க அது துணியவில்லை.

எமது நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வணிக வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளின் முறிகள் உட்படுத்தப்பட்டன. வங்கிகள் சரிந்தால் வைப்பாளர் எல்லோரும் சேர்ந்து விழுவர் என்பது கூறப்பட்ட காரணம். அது வெறும் சாட்டல்ல. ஆயினும் பணவீக்கத்தில் ஏற்கெனவே ஒருமுறை இழந்த தொழிலாளி, இரண்டாம் முறையும் முன்னே நிறுத்தப்பட்டான் என்பதும் உண்மை. உலக வங்கியின் கணிப்பின்படி 2021க்கும் 2022க்கும் இடையில் நாட்டில் வறுமை ஏறக்குறைய இரு மடங்காகி, நால்வரில் ஒருவரைத் தொட்டது. 2023 செப்டெம்பர் முதல் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், விலை உறுதிப்பாட்டை முதற் குறிக்கோளாக்கி, அரசுக்கு நேரடியாகப் பணம் வழங்குவதைத் தடை செய்தது. நல்லது. ஆனால் சட்டம் வாசலை அடைக்கலாம். வரியைக் குறை, மானியத்தைக் கூட்டு, இரண்டையும் இன்றே செய் என்று தேர்தல் மேடைக்குக் கீழே நின்று கைதட்டும் பழக்கத்தை அது அடைக்காது. வரி வெட்டப்பட்ட நாளில் எம்மில் எத்தனை பேர், "மிச்சத்தை யார் கட்டுவது?" என்று கேட்டோம்? எடுத்தவரைத் தேடுகையில் கண்ணாடியையும் ஒருமுறை பார்ப்பது நேர்மை.

அவனுக்குச் சொன்ன பதில்

அன்று மாலை நான் அவனுக்குச் சொன்னது சுருக்கமானது. "தம்பி, நீ ஏமாத்தேல்லை. ஏமாற்றுவதற்கு எண்ணம் வேணும். உன்னிடம் அது இருக்கேல்லை. ஆனா நீ ஏமாத்தாததாலே மாமியின் இழப்பு இல்லாமல் போகவில்லை."

வட்டி வாங்குவதை வன்மையாகக் கண்டித்த 13ஆம் நூற்றாண்டுப் புனிதர் தோமஸ் அக்குவைனாஸ் கூட, கடன் கொடுத்ததால் ஒருவருக்கு நேரும் நட்டத்தை ஈடு செய்யுமாறு அவர் உடன்படிக்கை செய்து கொள்ளலாம் என ஏற்றுக் கொண்டார். இலாபம் வேறு, நட்டஈடு வேறு. 100 ரூபாய்க்கு 10 ரூபாய் வட்டி வாங்கியவர், விலைகள் 57 வீதம் ஏறிய ஆண்டில் இலாபம் பெறவில்லை. மிகப் பெரிய நட்டத்தில் ஒரு துளியை மீட்டார். பெயரளவு வட்டிக்கும் மெய் வட்டிக்கும் உள்ள வேறுபாடு என்று நான் வகுப்பில் எழுதிப் போடுவது இதைத்தான்.

ஆனால் முழு இடைவெளியையும், அதாவது 3 இலட்சத்து 80 ஆயிரத்தையும், இவன் தலையில் சுமத்துவதும் நீதியாகாது. அந்த நட்டத்தை உண்டாக்கியவன் இவனல்லன். இவனும் அதே வெள்ளத்தில் நனைந்தவன். மூன்றாம் ஒருவரால் வந்த நட்டம் இருவர் நடுவே விழுந்து கிடக்கும்போது, அது யார் காலடியில் விழுந்ததோ அவரே சுமக்கட்டும் என்று விடுவது சுலபம். ஆனால் உறவு என்ற சொல்லுக்கு அப்போது பொருளில்லை. யார் கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று இருவரும் அமர்ந்து பார்த்து, தாங்கக் கூடியவர் தாங்கக் கூடிய அளவுக்குப் பங்கெடுப்பதே நேரிய வழி. அவன் கையில் எஞ்சின் இருந்தது. மாமியின் கையில் ஒழுகும் கூரை இருந்தது.

"மாமி வாங்க மாட்டா, சேர். காசு குடுத்தாக் கோவிப்பா."

"அப்ப காசாக் குடாதை. மாமி சேர்த்தது காசையல்ல, கூரையை."

அதன் பின் பல மாதங்களாக அவனைக் காணவில்லை. அந்த ஆண்டு மாரிக்கு முன்னர் அந்த ஆசிரியையைச் சந்தையில் கண்டேன். கூரை முடிந்ததா என்று கேட்டேன். மருமகன் மீன் நல்லாகப் பட்ட வாரங்களில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும் சலாகையும் கொண்டு வந்து இறக்கினானாம். மேசனுக்குக் கூலியை மட்டும் தாம் கொடுத்தாராம். "எவ்வளவு என்று கணக்குப் பார்க்கேல்லை, மாஸ்டர். அவனும் சொல்லேல்லை. வீட்டுக்குள்ளை இப்ப தண்ணி வாறேல்லை" என்றார்.

பேரினப் பொருளியல் எங்களுக்கு என்னத்துக்கு என்று கேட்ட மாணவிக்கு, அடுத்த ஆண்டு வகுப்பில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். ஒருவருமே களவெடுக்காத வீட்டிலும் பொருள் குறையக் கூடும் என்பதை அந்தப் பாடம் எமக்குக் காட்டுகிறது. குறைந்ததைக் கண்ட பின் என்ன செய்வது என்பதை அது சொல்லித் தராது. அந்த மீதிப் பாடத்தை ஒரு கடற்றொழிலாளி செய்து காட்டினான். நாட்டின் கணக்கை எழுதுபவர்களும், தாம் குறுக்கிய அளவுகோலால் யாருடைய கூரை ஒழுகுகிறது என்று ஒருமுறை எழுந்து போய்ப் பார்ப்பார்களாயின், அதுவே நல்ல தொடக்கம். அதுவரை, அந்த ஆண்டுகளில் உறவினரிடம் கைமாற்று வாங்கித் திருப்பியவர்கள் தம் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. எண்ணிக்கையில் தீர்ந்த கடன் ஒன்று, பெறுமதியில் இன்னும் தீராமல் கிடக்கலாம்.